முதலில் கொடுப்பது யார்? மின்னணுப் பரிமாற்றத்தில் நியாயமும் அந்தரங்கமும்

நேருக்கு நேர் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் ஒரு கை பணத்தை நீட்டும்போதே மறு கை பொருளைப் பற்றிக்கொள்கிறது. ஒருவர் பிடியைத் தளர்த்தாதவரை மற்றவரும் தளர்த்துவதில்லை. கணினி வலையமைப்பில் அப்படி ஒரே நேரத்தில் கைமாறும் கணம் என்று எதுவும் இல்லை. அங்கே நடப்பதெல்லாம் செய்தி; ஒரு செய்தி போய்ச் சேர்ந்த பிறகே அடுத்தது வரும். ஆகவே யாரோ ஒருவர் முதலில் கொடுத்தாக வேண்டும், அப்படிக் கொடுத்தவர் மற்றவரின் நேர்மையை நம்பிக் காத்திருக்க வேண்டும். பணத்துக்கு மென்பொருள், கையொப்பத்துக்குக் கையொப்பம், ரகசியத்துக்கு ரகசியம் என்று எதை எதற்கு மாற்றிக்கொண்டாலும் இந்தச் சிக்கல் மாறுவதில்லை.

சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி செய்தியை மாற்றி எழுதும் குறியாக்கம் என்றதும் நம் நினைவுக்கு வருவது நடுவழியில் ஒட்டுக்கேட்கும் அந்நியர்தான். அவரிடமிருந்து செய்தியைக் காப்பதற்கான கணிதம் வலுவாகவே இருக்கிறது. ஆனால் நியாயமான பரிமாற்றம் என்ற பிரச்சினையில் எதிராளி வெளியில் இல்லை; நாம் யாருடன் பேசிக்கொண்டிருக்கிறோமோ அவரேதான் எதிராளி. சாவி அவரிடமும் இருக்கிறது, செய்தியை அவரால் படிக்கவும் முடியும். தனக்கு வேண்டியது கிடைத்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்பதே கேள்வி. இந்தக் கேள்வியை ஆராய்ந்தவர்கள் வைத்த நிபந்தனை எளிமையானது: பரிமாற்றம் முடியும்போது இருவருக்கும் உரியது கிடைத்திருக்க வேண்டும், அல்லது இருவருக்கும் எதுவும் கிடைத்திருக்கக் கூடாது. எங்கே அறுந்தாலும் ஒருவர் மட்டும் ஏமாந்து நிற்கும் நிலை வரக் கூடாது.

இந்த நிபந்தனையை இரண்டு பேர் மட்டுமே, வேறு யாருடைய உதவியும் இல்லாமல், நிறைவேற்ற முடியாது என்பது 1980ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. ஷிமோன் ஈவன், யாக்கோவ் யாகோபி ஆகியோர் ஒப்பந்தக் கையொப்பத்தை முன்வைத்து இதைக் காட்டினர். வாதத்தின் சாரத்தைக் கணிதக் குறியீடு எதுவும் இல்லாமலேயே சொல்லிவிடலாம். ஒரு நெறிமுறையில், அதாவது யார் எப்போது எந்தச் செய்தியை அனுப்ப வேண்டும் என்ற விதித்தொகுப்பில், நூறு செய்திகள் இருப்பதாகக் கொள்வோம். நூறாவது செய்தியை அனுப்புபவருக்கு அதன் பிறகு வர வேண்டியது எதுவும் இல்லை. அவருக்குரியது ஏற்கெனவே அவர் கையில் இருக்கிறது. அவர் அந்தச் செய்தியை அனுப்பாமல் விட்டாலும் மற்றவர் ஏமாறக் கூடாது என்றால், மற்றவருக்கு வேண்டியதும் தொண்ணூற்றொன்பதாவது செய்தியோடே கிடைத்திருக்க வேண்டும். அப்படியானால் நூறாவது செய்தி தேவையே இல்லை. இதே வாதத்தைத் தொண்ணூற்றொன்பதுக்கும் பிறகு தொண்ணூற்றெட்டுக்கும் பொருத்திக்கொண்டே போனால், ஒரு செய்தியும் அனுப்பாமலேயே இருவரிடமும் எல்லாம் இருந்தது என்ற அபத்தத்தில் வந்து நிற்போம். எவ்வளவு சாமர்த்தியமான குறியாக்கத்தைக் கொண்டுவந்து சேர்த்தாலும் இந்த வாதத்தை அசைக்க முடியாது, ஏனெனில் இது குறியாக்கத்தைப் பற்றியதே அல்ல. செய்திகளின் வரிசையைப் பற்றியது.

நாணயம் சுண்டுவதுபோன்ற எளிய காரியத்துக்கும் இதே கதிதான். தொலைபேசி வழியாக இருவர் நாணயம் சுண்டும் முறையை மானுவல் பிளம் 1981இல் முன்வைத்தார். ஒருவர் தன் தேர்வை மூடிய உறையில் வைப்பதுபோல், பின்னர் மாற்ற முடியாதபடி முதலில் பூட்டிவைக்கிறார்; மற்றவர் தன் தேர்வைச் சொல்கிறார்; பிறகு உறை திறக்கப்படுகிறது. ஆனால் உறையைத் திறக்க வேண்டியவருக்கு முடிவு முன்னதாகவே தெரிந்துவிடும்; தோற்றுவிட்டோம் என்று கண்டால் அவர் இணைப்பைத் துண்டித்துவிடலாம். ரிச்சர்ட் கிளீவ் 1986இல் இதை ஒரு தேற்றமாகவே நிறுவினார்: மாறி மாறிச் செய்தி அனுப்பும் சுற்றுகளின் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் ஒருவர் முடிவைத் தன் பக்கம் சாய்த்துக்கொள்ளும் வாய்ப்பு ஓரளவுக்கு மிஞ்சியே இருக்கும், அது சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதத்துக்குக் கீழே இறங்காது. அந்த எல்லையைத் தொடும் நெறிமுறையை மோரன், நயோர், செகெவ் ஆகிய மூவர் 2009இல்தான் கண்டுபிடித்தனர்.

முழு நியாயம் கிட்டாது என்று தெரிந்த பிறகு ஆய்வாளர்கள் நாடியது, அதைச் சற்றே தளர்த்திக்கொள்ளும் வழி. ரகசியத்தை ஒட்டுமொத்தமாகக் கொடுக்காமல் பிட் பிட்டாக, அதாவது 0 அல்லது 1 என்ற ஒவ்வோர் இலக்கமாக, கொடுத்தால் என்ன? நீங்கள் ஒரு பிட், நான் ஒரு பிட் என்று மாறி மாறி வெளியிட்டால், யார் எப்போது நிறுத்தினாலும் மற்றவர் ஒரே ஒரு பிட்தான் பின்தங்கியிருப்பார். மீதியை இருவருமே எல்லாச் சாத்தியங்களையும் முயன்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம்; ஏமாந்தவருக்கு இரண்டு மடங்கு உழைப்பு, அவ்வளவுதான். பிளம் 1983இல் வெளியிட்ட சாவிப் பரிமாற்ற முறை இந்தத் திசையில் சென்றது.

கேட்பதற்கு அழகாக இருக்கும் இந்த யோசனையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, எதிராளி தரும் பிட் உண்மையானதா குப்பையா என்று ஒவ்வொரு முறையும் தெரிய வேண்டும். ஈவன், கோல்ட்ரைக், லெம்பெல் ஆகியோரின் 1985ஆம் ஆண்டு நெறிமுறை இதற்கு ஒரு நேர்த்தியான விடையைத் தந்தது. ஒவ்வொருவரும் தம் ரகசியங்களை இணை இணையாகத் தயாரிக்கிறார்கள். எந்த ஓர் இணையின் இரு பகுதிகளும் எதிராளியிடம் சேர்ந்துவிட்டால் கையொப்பம் செல்லுபடியாகும். ஒவ்வோர் இணையிலும் ஒன்றை மட்டும் எதிராளி பெற்றுக்கொள்கிறார், ஆனால் எதைப் பெற்றார் என்பது கொடுத்தவருக்குத் தெரியாது. இப்போது பிட்டுகளை வெளியிடும்போது பொய் சொல்ல நினைப்பவர், எதிராளியிடம் ஏற்கெனவே இருக்கும் பகுதியைத் தொடாமல் மற்றதை மட்டும் கெடுக்க வேண்டும். எல்லா இணைகளிலும் சரியாக ஊகித்தால்தான் பிடிபடாமல் தப்பலாம். நூறு இணைகள் இருந்தால் அதற்கான வாய்ப்பு, நாணயத்தைச் சுண்டி நூறு முறை தொடர்ந்து தலை விழுவதற்கு ஒப்பானது.

இரண்டாவது ஓட்டைக்கு அப்படி ஒரு விடை கிடைக்கவில்லை. பிட் பிட்டாகக் கொடுக்கும் முறை, இருவரின் கணினிகளும் ஏறத்தாழ சம வலிமை உடையவை என்று எடுத்துக்கொள்கிறது. நாற்பது பிட் மிச்சமிருக்கும்போது ஒருவர் நிறுத்திவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி சாத்தியங்களை முயல வேண்டும். விநாடிக்கு நூறு கோடி முயற்சி செய்யும் கணினிக்கு அது அதிகபட்சம் 18 நிமிட வேலை. அதைவிட ஆயிரம் மடங்கு மெதுவான கணினிக்குப் பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆகிவிடும். விலை நிமிடத்துக்கு நிமிடம் மாறும் ஒப்பந்தத்தில் இந்த வித்தியாசத்தை நியாயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய கணினி வைத்திருப்பவருக்குச் சாதகமான ஒரு நியாயம், சந்தையில் ஏற்கெனவே இருக்கும் நியாயத்திலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல.

ஆக, மூன்றாமவர் ஒருவர் தேவை. அவரை எங்கே நிறுத்துவது, அவருக்கு எவ்வளவு காட்டுவது என்பதுதான் இதன் பிறகான வரலாறு முழுவதும்.

மிக எளிய ஏற்பாடு, நடுவில் ஒரு தரகரை வைத்துக்கொள்வது. இருவரும் தங்களுடையதை அவரிடம் ஒப்படைக்கிறார்கள்; அவர் சரிபார்த்து இருபுறமும் கொடுக்கிறார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1990களின் நடுவில் உருவான நெட்பில் அமைப்பு இதைக் கொஞ்சம் மெருகேற்றியது. விற்பவர் பொருளைக் குறியாக்கம் செய்து வாங்குபவருக்கு நேரடியாகவே அனுப்பிவிடுகிறார். பூட்டிய பெட்டி வந்து சேர்ந்ததை வாங்குபவர் ஒப்புக்கொண்ட பிறகு, பணம் கைமாறும் அதே பதிவில் திறவுகோலும் சேவையகத்துக்கு வந்துவிடுகிறது. பணம் போய்த் திறவுகோல் வராமல் போகும் நிலைக்கு அங்கே இடமில்லை. ஆனால் ஒவ்வொரு பரிவர்த்தனையும் அந்தச் சேவையகத்தின் வழியாகவே நடக்க வேண்டும். யார் யாரிடம் எப்போது எதை வாங்கினார் என்பதெல்லாம் அங்கே குவியும். நியாயம் கிடைத்தது, அதற்கான விலையை அந்தரங்கம் கொடுத்தது.

அந்தரங்கத்தின் பக்கத்திலிருந்து புறப்பட்டவர்கள் இதற்கு நேர்மாறான இடத்தில் போய் முட்டிக்கொண்டார்கள். டேவிட் சாம் 1982இல் முன்வைத்த குருட்டுக் கையொப்பம், கார்பன் தாள் வைத்த உறையின் மேல் கையெழுத்திடுவதைப் போன்றது: உள்ளிருக்கும் தாளில் கையெழுத்துப் பதியும், ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்திட்டவருக்குத் தெரியாது. வங்கி இப்படிக் கையொப்பமிட்டுத் தரும் மின்னணுக் காசு பின்னாளில் வங்கிக்குத் திரும்பி வரும்போது, அது செல்லுபடியாகும் என்று வங்கிக்குத் தெரியும். யாருக்குக் கொடுத்தது என்பது மட்டும் தெரியாது. சாம், ஃபியட், நயோர் மூவரும் 1988இல் இதை ஒரு படி மேலே கொண்டுசென்று, காசை ஒரு முறை செலவிட்டால் அடையாளம் வெளிப்படாது, அதையே இரண்டாம் முறை செலவிட்டால் செலவிட்டவர் யார் என்பது தானே வெளிப்பட்டுவிடும் என்று அமைத்தார்கள். இந்த யோசனைகளை வணிகமாக்க சாம் 1989இல் தொடங்கிய டிஜிகேஷ் நிறுவனம் 1998இல் திவாலாகிவிட்டது.

அந்த நிறுவனத்தின் தோல்விக்கு வணிகக் காரணங்கள் பல உண்டு. நம் விஷயத்துக்கு முக்கியமானது அதைவிட ஒரு சிறிய கேள்வி: தடமில்லாத காசைக் கொடுத்துவிட்டுப் பொருள் வரவில்லை என்றால் வாங்கியவர் எங்கே போய் முறையிடுவார்? முறையிட வேண்டுமானால் நான்தான் கொடுத்தேன் என்று காட்ட வேண்டும், அதைக் காட்டினால் எதற்காக இந்த ஏற்பாடோ அதுவே போய்விடும். முகம் காட்டாதவர் வழக்காட முடியாது. அந்தரங்கமும் நியாயமும் ஒன்றையொன்று தள்ளும் இந்த இழுபறி அன்றுமுதல் இந்தத் துறையை விட்டுப் போகவே இல்லை.

1990களின் பிற்பகுதியில் வந்த திருப்பம், மூன்றாமவரை நடுவிலிருந்து எழுப்பி ஓரமாக உட்கார வைத்தது. என். அசோகன், மத்தியாஸ் ஷுன்டர், மைக்கேல் வைட்னர் ஆகியோர் 1997இல் இதற்கு நன்னம்பிக்கை நெறிமுறைகள் என்ற பொருளில் பெயரிட்டார்கள். பெரும்பாலான பரிமாற்றங்களில் இருவருமே ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள். அவற்றில் நடுவருக்கு வேலையே இல்லை. சச்சரவு வந்தால் மட்டும் அவரைக் கூப்பிட்டால் போதும். இப்படிப்பட்ட நடுவர் தூங்கிக்கொண்டே இருக்கலாம். எழுப்பினால் எழுவார் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தால் போதுமானது.

கையொப்பப் பரிமாற்றத்தில் இது செயல்படும் விதம், எனக்குத் தெரிந்தவரை, இந்தத் துறையின் மிக அழகான யோசனைகளில் ஒன்று. அசோகனும் வைட்னரும் விக்டர் ஷூப்புடன் சேர்ந்து 1998இல் எழுதிய ஆய்வில் அது முழு வடிவம் பெற்றது. முதலாமவர் தன் கையொப்பத்தை நடுவர் மட்டுமே திறக்கக் கூடிய உறையில் போட்டு அனுப்புகிறார். உள்ளே இருப்பது உண்மையான கையொப்பமே என்பதை உறையைத் திறக்காமலேயே இரண்டாமவர் கணிதத்தால் சரிபார்த்துக்கொள்ள முடியும். இதைச் சரிபார்க்கத் தக்க குறியாக்கம் என்கிறார்கள். நிறைவு கண்ட இரண்டாமவரும் தன் உறையை அனுப்புகிறார். பிறகு முதலாமவரும் அடுத்து இரண்டாமவரும் தத்தம் உண்மையான கையொப்பத்தைக் கொடுக்கிறார்கள். எந்தக் கட்டத்தில் யார் விலகினாலும், மற்றவர் உறையை நடுவரிடம் கொண்டுபோய்த் திறந்துகொள்ளலாம். முன் சொன்ன சாத்தியமின்மை வாதம் இங்கே உடையவில்லை. அதற்குத் தேவையான மூன்றாமவர் இருக்கிறார். அன்றாட வழியிலிருந்து விலகி நிற்கிறார் என்பதே வித்தியாசம்.

சிக்கல் நடுவர் விழித்தெழும் இடத்தில் தொடங்குகிறது. முதலாமவர் உறையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார், பதில் இல்லை. எத்தனை நாள் காத்திருப்பது? அவர் நடுவரிடம் சென்று, இதை ரத்து செய்யுங்கள் என்று கேட்க உரிமை வேண்டும். அதே நேரத்தில் இரண்டாமவரும் வந்து, உறையைத் திறந்து கொடுங்கள் என்று கேட்கலாம். நடுவர் யார் முதலில் வந்தார் என்று பார்த்து, ஒருவருக்குச் சொன்ன முடிவையே மற்றவருக்கும் சொல்ல வேண்டும். இப்படி வழக்கமான பரிமாற்றம், ரத்து, திறப்பு என்ற மூன்று கிளை வழிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இடத்தில் மனிதக் கண்ணுக்குப் புலப்படாத இடுக்குகள் இருந்தன. ஷ்மாட்டிகோவும் மிட்செல்லும் மர்ஃபி என்ற மென்பொருள் கருவியால் எல்லா நிலைகளையும் தொடர்ந்து சோதித்தபோது, அசோகன் குழுவின் நெறிமுறையில் ஒரே ஒப்பந்தத்துக்கு முரணான இரு வடிவங்களைத் தீயவர் ஒருவர் உண்டாக்க முடியும் என்று தெரியவந்தது. அதைத் திருத்தும் வழியையும் அவர்களே தந்தார்கள். தேர்ந்த நிபுணர்கள் எழுதி, தேர்ந்த நிபுணர்கள் படித்துப் பார்த்த நெறிமுறை அது.

உறை இன்னொரு தொல்லையையும் கொண்டுவந்தது. வேலைக்குச் சேரவிருக்கும் ஒருவருக்கு ஒரு நிறுவனம் சம்பளம் குறிப்பிட்ட ஒப்பந்தத்தை இப்படி உறையிலிட்டு அனுப்புகிறது என்று வையுங்கள். அவர் தன் பங்கைச் செய்யாமல், உறையை எடுத்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்திடம் போய், இவர்கள் இவ்வளவு தரத் தயாராக இருக்கிறார்கள், இதோ சான்று, நீங்கள் கூடுதலாகத் தருவீர்களா என்று பேரம் பேசலாம். உறையை எவரும் சரிபார்க்க முடியும் என்ற அதே குணம்தான் இந்தத் துஷ்பிரயோகத்துக்கு இடம் கொடுக்கிறது. கரேய், யாகப்சன், மெக்கென்சி ஆகிய மூவர் 1999இல் தந்த தீர்வு, உறையின் சான்றை ஒருவருக்கு மட்டுமே பொருள்படும்படி மாற்றியது: இதை நிறுவனம் தயாரித்திருக்கலாம், அல்லது பெற்றவரே தயாரித்திருக்கலாம் என்பதுதான் சான்று சொல்லும் செய்தி. தான் தயாரிக்கவில்லை என்று பெற்றவருக்குத் தெரியும். ஆகவே அவருக்கு அது உறுதியான சான்று. வெளியாருக்கு அது வெற்றுத் தாள். சான்று என்பது எல்லோருக்கும் சான்றாக இருக்க வேண்டியதில்லை என்ற இந்த நுட்பம், நியாயத்தையும் அந்தரங்கத்தையும் ஒரே கருவியால் சேர்த்துப் பிடித்த அரிய இடங்களில் ஒன்று.

அப்படியும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. இருவரும் ஏற்கும் நடுவர் யார்? அவருக்கு யார் காவல்? 2008இல் பிட்காயின் அறிமுகமானபோது, யாருக்கும் சொந்தமில்லாத, சொன்னதைச் சொன்னபடி மட்டுமே செய்யும் ஒரு பொதுப் பேரேடு கிடைத்தது. ஒரு தகவலிலிருந்து கணக்கிடப்படும், ஆனால் அதிலிருந்து அந்தத் தகவலைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாத, கைரேகை போன்ற எண்ணை ஹாஷ் என்கிறார்கள். பேரேட்டில் பணத்தை இரண்டு நிபந்தனைகளோடு பூட்டிவைக்கலாம்: இந்த ஹாஷ் மதிப்புக்குரிய ரகசிய எண்ணை வெளியிடுபவருக்குப் பணம் போகும், குறிப்பிட்ட காலத்துக்குள் யாரும் வெளியிடாவிட்டால் கொடுத்தவருக்கே திரும்பும். இந்தப் பூட்டு ஒன்றை வைத்தே இரு வேறு பேரேடுகளில் உள்ள காசுகளை மாற்றிக்கொள்ளலாம் என்று 2013இல் விவரிக்கப்பட்டது. இருபுறமும் ஒரே ஹாஷ். ஒருவர் ஒரு பக்கத்துப் பணத்தை எடுக்க ரகசியத்தை வெளியிட்டதும் மற்றவர் அதை எடுத்து மறு பக்கத்தைத் திறந்துகொள்கிறார். எடுப்பதும் வெளியிடுவதும் ஒரே செயலாகிவிட்டதால், முதலில் கொடுப்பது யார் என்ற கேள்வி அந்த இடத்தில் கரைந்துபோகிறது. முழுவதும் கரையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: ரகசியத்தை வைத்திருப்பவர் காலக்கெடு முடியும்வரை விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தனக்குச் சாதகமானால் மட்டும் முடிக்கலாம். மேலும், பேரேடு எல்லோரும் பார்க்கும் இடம். ஒரே ஹாஷ் இரு பக்கமும் தெரிந்தால் யார் யாருடன் மாற்றிக்கொண்டார் என்பது அம்பலமாகிவிடும். கையொப்பத்துக்குள்ளேயே ரகசியத்தைப் பொதிந்து இதை மறைக்கும் முறைகள் பின்னர் வந்தன.

பணத்துக்குத் தகவலை வாங்கும்போது இந்தப் பூட்டு மட்டும் போதாது. வெளியிடப்படும் எண் உண்மையிலேயே வேண்டிய தகவலின் திறவுகோல்தான் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும், ஆனால் தகவல் தெரிந்துவிடக் கூடாது. ஒரு கூற்று உண்மை என்பதைத் தவிர வேறெதையும் வெளிவிடாத ஜீரோ நாலெட்ஜ் நிறுவல் முறை 1985இல் கோல்ட்வாஸர், மிகாலி, ராக்காஃப் ஆகியோரால் அறிமுகமானது. அதையும் ஹாஷ் பூட்டையும் இணைக்கும் யோசனையை கிரெக் மேக்ஸ்வெல் 2011இல் எழுதினார்; 2016இல் அது செய்தே காட்டப்பட்டது. ஷான் போ என்பவர் வைத்திருந்த 16க்கு 16 கட்டச் சுடோகு விடையை மேக்ஸ்வெல் 0.10 பிட்காயினுக்கு வாங்கினார். விற்றவர் மறைகுறியிட்ட விடையையும், உள்ளே இருப்பது சரியான விடையே என்பதற்கான நிறுவலையும், திறவுகோலின் ஹாஷையும் அனுப்பினார். பணத்தை எடுக்க அவர் திறவுகோலை வெளியிட்டபோது விடை வாங்கியவருக்குத் திறந்துகொண்டது.

அடுத்த ஆண்டே கம்பனெல்லி, ஜென்னாரோ, கோல்ட்ஃபெடர், நிட்ஸார்டோ ஆகியோர் அதில் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். நிறுவலுக்கு வேண்டிய பொது அளவுருக்களை, அதாவது இருவரும் பயன்படுத்தும் தொடக்க மதிப்புகளை, வாங்குபவரே தயாரிக்கும்படி அந்த முறை இருந்தது. அவர் அதை விஷமத்தோடு தயாரித்தால், பணம் கொடுக்காமலேயே விடையைப் பற்றிய சில தகவல்களை நிறுவலிலிருந்து கறந்துவிடலாம். அதே ஆய்வு எடுத்துக்காட்டிய இன்னொரு முடிச்சு இதைவிடச் சுவையானது. உங்கள் கோப்பு எங்கள் சேமிப்பில் பத்திரமாக இருக்கிறது என்ற உறுதியையே ஒருவர் விலைக்கு வாங்குகிறார் என்று கொள்ளுங்கள். அந்த உறுதி உண்மையானது என்று முன்கூட்டி நிறுவிக் காட்டினால், அப்போதே வாங்குபவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இனி அவர் ஏன் பணம் கொடுப்பார்? இங்கே சரிபார்ப்பதும் பெறுவதும் ஒன்றே. நிறுவலின் வடிவத்தையே மாற்றி இதற்கும் அவர்கள் வழி கண்டார்கள்.

பெரிய கோப்புகளுக்கு இத்தகைய நிறுவல்கள் கனமானவை. ஜெம்போவ்ஸ்கி, எக்கி, ஃபாஸ்ட் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஃபேர்ஸ்வாப் என்ற நெறிமுறை, தூங்கும் நடுவரைத் திரும்பவும் கொண்டுவந்தது. இம்முறை அவர் பேரேட்டில் எழுதப்பட்ட நிரல். கோப்பு சரியாக இருந்தால் நடுவர் எதையும் பார்ப்பதில்லை. தவறாக இருந்தால், தவறு எந்த இடத்தில் என்று சுட்டும் ஒரு சிறு துணுக்கை மட்டும் வாங்கியவர் காட்டினால் போதும். நிரல் அந்த ஒரு கணக்கை மட்டும் செய்து பார்த்துப் பணத்தைத் திருப்பிவிடும்.

இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு முன்தேவை உண்டு: வாங்கப்படும் பொருள் சரியானதா என்பதைக் கணக்காக எழுதிவிட முடிய வேண்டும். சுடோகு அதற்கு வாகான பண்டம். கிடைவரிசை, நெடுவரிசை, கட்டம் மூன்றையும் பார்த்தால் முடிந்தது. ஒரு திரைப்படக் கோப்பை வாங்கும்போது, கோப்பின் ஹாஷ் இன்னதுதான் என்று நிறுவலாம். அந்த ஹாஷ் அசல் படத்துக்குரியதுதான் என்று வாங்குபவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு ரகசிய அறிக்கையை வாங்கும்போது அது குறிப்பிட்ட ஒருவரின் கையொப்பம் தாங்கியது என்று நிறுவலாம். அதில் எழுதியிருப்பது உண்மை என்று எந்த நிறுவலும் சொல்லாது. நெறிமுறைக்குள்ளிருந்து வெளியேற்றப்பட்ட மூன்றாமவர், பொருளின் தரத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில், நெறிமுறை தொடங்குவதற்கு முன்பே வந்து நின்றுகொண்டிருக்கிறார்.